கட்டினார், கொடுத்தாளாம்

இராமநாதபுரம் அரண்மனையில், இராமலிங்க விலாசத்தின் பெரிய மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. வெளியே கண்ணைக் கூசவைக்கிற வெயில், உள்ளே கனத்த தூண்களுக்கு நடுவே மங்கல். கண் பழகிய பிறகுதான் சுவர்கள் மெல்ல எழுந்து வரும். போர்க்களம், தர்பார், பூசை, பல்லக்கு, அயல்நாட்டு உடையில் ஐரோப்பியர்கள் என்று தூண், வளைவு, விதானம் எதையும் விடாமல் வண்ணம். காட்சிகளுக்குக் கீழே தமிழிலும் தெலுங்கிலும் பொடி எழுத்தில் விளக்கம் எழுதிவைத்திருக்கிறார்கள். முந்நூறு வருஷத்துச் சுவர்.

நான் போயிருந்த அன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், வருகிறவர்களுக்கு ஓவியங்களை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி இரண்டாம் ஆண்டு வரலாறு படிக்கிறவள். இராமேசுவரம் தீவுப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண் என்று பிறகு தெரிந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் நாலாய் மடித்த தாள், கணீரென்ற குரல். "இந்த அரண்மனையைக் கிழவன் சேதுபதி கட்டினார்" என்றாள். ஓர் எட்டு நகர்ந்து அடுத்த ஓவியத்தைக் காட்டி, "இராஜராஜேஸ்வரி அம்மன் முத்து விஜயரகுநாத சேதுபதிக்குச் செங்கோல் கொடுத்தாள்" என்றாள். இரண்டும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வந்தன. கேட்டுக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள்.

எனக்கு மனசு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

தமிழ் வீட்டில் பிறந்த பிள்ளைக்குக் கதை கேட்கிற முதல் நாளே ஒரு நேர்மையும் சேர்த்துக் கற்றுத்தரப்படுகிறது. "ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாராம்." அந்த "ஆம்" என்ன சொல்கிறது? நான் பார்க்கவில்லை, எனக்குச் சொன்னார்கள், கேட்டதை உனக்குச் சொல்கிறேன். எழுத்து வாசனை இல்லாத அப்பத்தாக்கள் ஒரு நாளும் வழுவாமல் கடைப்பிடிக்கிற ஒழுக்கம் அது. கீழத்தெருவில் திருட்டுப் போனதாம், அவர் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டதாம் என்று நாள் முழுக்க நாம் பேசுகிற பேச்சில் பார்த்ததும் கேட்டதும் தனித்தனியாகவே வருகின்றன. ஒரே ஒரு விகுதி செய்கிற வேலை இது. ஆனால் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் நின்றதும் முதலில் உதிர்ந்து போவது அந்த "ஆம்"தான்.

கட்டினார் என்பதற்கும் கொடுத்தாளாம் என்பதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைக் காப்பாற்றுவது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட காரியம். இலக்கணம்தானே என்று அதை ஒதுக்க முடியாது. அதைக் கைவிட்டுவிட்டு ஓவியத்துக்கு முன்னால் நிற்கிற மாணவர், எந்தப் பட்டப்படிப்பு படித்தாலும் சரி, பூசாரியின் வேலையைத்தான் செய்கிறார்.

இதைக் கேட்டுக் கோபம் வந்தால் வரட்டும். அந்த ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம்.

இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி 1710இல் மறைந்தார். அவருக்குப் பிறகு பட்டத்துக்கு வந்த முத்து விஜயரகுநாத சேதுபதி 1725 வரை ஆண்டார். சுவர்களில் நாம் பார்ப்பது அவருடைய தர்பார், அவருடைய போர், அவருடைய பெருமை. ஓரிடத்தில் மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு இரத்தினப் பட்டாபிஷேகம் செய்கிறார். இன்னோர் இடத்தில் அம்மனே செங்கோல் கொடுக்கிறாள். வேறொரு பக்கம் தஞ்சை மராட்டியரோடு சண்டை நடக்கிறது. இவற்றை அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். அதிகாரத்தை அம்மனே கொடுத்துவிட்டாள் என்றால் நாயக்கர் எதற்கு? நாயக்கர் கொடுத்தது போதும் என்றால் அம்மன் எதற்கு? வடக்கே தஞ்சை, மேற்கே பழைய மேலாதிக்கம் கொண்ட மதுரை, கடலில் டச்சுக்காரர்கள். இத்தனை பேருக்கு நடுவில் புதிதாகப் பட்டம் ஏறிய ஒருவர், என் ஆட்சியைக் கேள்வி கேட்காதே என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சுவர் அதைச் சொன்னது. கட்டடமே கோயில் மாதிரிதான் அமைந்திருக்கிறது. மகாமண்டபம், அர்த்தமண்டபம், அதற்கும் உள்ளே கருவறை போல ஓர் அறை. மன்னரைப் பார்க்கப் போனவர் சாமி கும்பிடப் போகிறவரைப் போலத்தான் நடந்துபோயிருக்க வேண்டும்.

ராஜ்யம் போயிற்று, ஜமீனும் போயிற்று. இன்று அது மாநிலத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிற அருங்காட்சியகம். அங்கே நின்று, இருபது வயதுக் குடிமகள் ஒருத்தி, மன்னர் தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னதை மன்னரின் குரலிலேயே திருப்பிச் சொல்கிறாள் என்றால் அந்த அரசாட்சி இன்னும் முடியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தச் சுண்ணாம்புக்கும் வண்ணத்துக்கும் காசு எங்கிருந்து வந்தது? மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பிலும் சங்குகுளிப்பிலும் சேதுபதிகளுக்கு உரிமையும் பங்கும் இருந்தன. இடுப்பில் கயிறு, காலில் கல் கட்டி, மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் வந்தவர்கள் சம்பாதித்ததில் ஒரு பகுதி அரண்மனைக்குப் போயிற்று. வயலில் நின்றவர்கள் கொடுத்ததும் போயிற்று. தீவுப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணின் கையில் இருந்த தாளில் அம்மன் இருந்தாள், நாயக்கர் இருந்தார், மன்னர் இருந்தார். சங்குகுளிகாரர் இல்லை. அவளுடைய தாத்தாவுக்குத் தாத்தா யாரோ மூச்சடக்கிக் கொண்டுவந்த காசும் அந்தச் சுவரில் இருக்கலாம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை.

மேல்தளத்து ஓவியங்களில் மன்னர் பெண்களோடு இருக்கிறார். ஆடலும் பாடலும் கேளிக்கையுமாக அந்தரங்க வாழ்க்கை. கோடுகளின் அழகில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இப்படிப்பட்ட ஓவியங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பிள்ளைகள் வெட்கப்பட்டு வேகமாகக் கடந்துவிடுவார்கள், பெரியவர்களும் அதையே விரும்புவார்கள். நின்று பேச வேண்டிய இடமே அதுதான்.

கிழவன் சேதுபதி மறைந்தபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினார்கள் என்று ஏசு சபையைச் சேர்ந்த மார்ட்டின் பாதிரியாரின் கடிதம் சொல்கிறது. நாற்பத்தேழு பேர். இன்றைக்கு ஒரு கல்லூரி வகுப்பறையை நிரப்புகிற எண்ணிக்கை. அது நடந்த வருஷத்தில் பட்டத்துக்கு வந்தவருடைய காலத்தில்தான் இந்தச் சுவர்களில் அணிமணிகளோடு பெண்கள் வரையப்பட்டார்கள். தீயில் போனவர்களுக்கு அங்கே ஓர் அங்குல இடமும் இல்லை.

இங்கேயும் எனக்கு அந்த "ஆம்" வேண்டும். மார்ட்டின் யார்? 1693 பிப்ரவரி 4 அன்று, இதே கிழவன் சேதுபதியின் ஆட்சியில், ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவின் சபையைச் சேர்ந்தவர். அந்த மன்னரைப் பற்றி நல்லவிதமாக எழுத அவருக்கு எந்த அவசியமும் இல்லை. எண்ணிக்கை கூடியிருக்கலாம். எனக்கு வசதியான சாட்சி என்பதற்காக அவருக்கு நான் சலுகை கொடுத்தால், நான் பேசுவது பகுத்தறிவு ஆகாது, கட்சி கட்டுவது ஆகும். ஆகவே மாணவர் இப்படிச் சொல்ல வேண்டும்: "47 பேர் ஏறினார்களாம். எழுதியவர் இன்னார். அவருக்கு மன்னர்மேல் கசப்பு இருந்திருக்கலாம். ஆனால் உடன்கட்டை என்ற வழக்கம் இருந்ததற்குத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் சதிக்கற்கள் இன்றும் நிற்கின்றன." பிறகு கேட்கிறவர்களிடம் ஒரு கேள்வியையும் வைக்கலாம். உடன்கட்டை "ஏறினார்கள்" என்கிறோமே, அந்த வினைச்சொல்லை யார் முடிவு செய்தது? ஏறினார்களா, ஏற்றினார்களா? நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் சொன்ன வினை அது. நெருப்புக்குள் போனவர்கள் சொன்ன வினை எந்தச் சுவரிலும் இல்லை.

ஓரியூர்ப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அருளானந்தரின் இரத்தம் சிந்தியதால்தான் அங்கே மண் சிவந்தது என்பார்கள். சிவந்ததாம். அரண்மனைக்கு ஒரு நியாயம், தேவாலயத்துக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொண்டால் அந்த "ஆம்" செத்துப்போகும்.

அதே வழியில் பின்னாளில் பட்டத்துக்கு வந்த பாஸ்கர சேதுபதியைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் வரலாறு முடியாது. 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்தரை அவர் வரவேற்றதைப் பிள்ளைகள் உற்சாகமாகச் சொல்வார்கள். சொல்லட்டும், அது உண்மை. அதே 1897இல், மே 14 அன்று, கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் என்ற முறையில் அவர்கள்மேல் வழக்குப் போட்டவர் இதே பாஸ்கர சேதுபதி. தீட்டுக் கழிக்கிற செலவையும் கேட்ட வழக்கு அது. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908இல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. நாலு மாதத்துக்குள் நடந்த இரண்டு சம்பவங்கள், ஒரே மனிதர். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விழுங்கினால் அந்த மனிதரையே நாம் காட்டவில்லை. இரண்டையும் கேட்ட பிறகு அவரை மதிப்பதா, எந்த அளவுக்கு மதிப்பது என்பதைக் கேட்டவர் முடிவு செய்துகொள்வார். அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு என்ன அதிகாரம்?

பாலம் தாண்டி இராமேசுவரத்துக்குப் போனால் கதை வேறு மாதிரி. தொட்டித் தண்ணீரில் மிதக்கிற கல்லைக் காட்டி, இராமர் சேது கட்டிய கல் என்கிறார்கள். எரிமலைக் குழம்பு நுரைத்துக் குளிர்ந்தால் உள்ளே காற்றறைகள் கொண்ட நுரைக்கல் கிடைக்கும், அது மிதக்கும். செத்த பவளத்தின் கூட்டிலும் துளைகள் உண்டு, காய்ந்த நிலையில் சில துண்டுகள் மிதக்கும். பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் விலங்கியல் படிக்கிற ஒரு பெண்ணை நிறுத்துங்கள். கல்லை நிறுத்துப் பார்க்கச் சொல்லட்டும், பூதக்கண்ணாடியில் துளைகளைக் காட்டட்டும், ஒரு மாதம் ஊறவிட்டால் மிதக்குமா என்று கேட்கட்டும். இன்னொன்றையும் அவள் சொல்ல வேண்டும். ஒரு துண்டைத் தொட்டியில் போட்டுக் கும்பிடுகிற நாம்தான், உயிரோடு இருந்த பவளப் பாறைகளைப் பல காலம் வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்குப் போட்டோம்.

அதே தீவில், பேய்க்கரும்பில், அப்துல் கலாம் நினைவகம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. அவர் வீணை வாசிக்கிற சிலைக்குப் பக்கத்தில் கீதை செதுக்கி வைக்கப்பட்டிருந்தது. ஏன் கீதை மட்டும் என்று எதிர்ப்பு வந்தது. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கும் எதிர்ப்பு வந்தது. அவர் வீணை வாசித்தது உண்மை, கீதையும் குர்ஆனும் படித்தது உண்மை. ஆனால் அந்த நாட்களில் அங்கே ஒரு விமானப் பொறியியல் பாடநூலை வையுங்கள் என்று யாரும் கேட்டதாக நான் அறியவில்லை. அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக் கடலில் விழுந்தது. எங்கே தவறு என்று தேடிக் கண்டுபிடித்து, 1980 ஜூலை 18 அன்று மறுபடி ஏவினார்கள், வெற்றி கிடைத்தது. அந்தப் பதினொரு மாதங்கள்தான் அவர் வாழ்க்கையில் நான் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிற பகுதி. தவறை ஒப்புக்கொள்வதும் திருத்துவதும் அந்தச் சிலையின் கையில் எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியை அங்கே நின்று கேட்கிற மாணவர் கலாமை அவமதிக்கவில்லை. வருகிறவர்களில் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அந்த ஒருவராக இருக்கலாம்.

சரி, பிள்ளைகளை ஏன் இதில் இழுக்க வேண்டும், வழிகாட்டிகள் இல்லையா என்று கேட்பார்கள். காசு வாங்குகிற வழிகாட்டியால் "தெரியாது" என்று சொல்ல முடியாது, சொன்னால் பிழைப்பு போகும். மாணவரால் முடியும். படித்துக்கொண்டிருப்பதுதான் அவருடைய தகுதி. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் சில மாலைகளில் மாணவர்கள் படைப்புகளின் பக்கத்தில் நின்று, வருகிறவர்களோடு பேசுகிறார்கள். அத்தனை பெரிய அருங்காட்சியகம் தன் படைப்புகளைப் பற்றிப் பேச அவர்களை நம்புகிறது. நமக்கு அவ்வளவு தூரமும் போக வேண்டாம். திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் வைத்துக் கல்வெட்டு வாசிக்கப் பழகியவர்கள். கல்வெட்டு வாசிக்கிற பிள்ளைக்கு, "இந்த வரியில் எழுத்துச் சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை" என்று சொல்லக் கூச்சம் இருக்காது. சிதைந்த எழுத்தைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பினால் தப்பு என்று அதற்குத் தெரியும்.

மனம் புண்படும் என்கிறவர்களுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. வருகிறவர் வளர்ந்த மனிதர், அவரைக் குழந்தையாக நடத்துவதுதான் அவமரியாதை. ஊர்ப்பெருமை போகும் என்கிறவர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். பொய்யைத் தாங்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்கிற பெருமை எதற்கு? அந்தச் சுவரின் கைவேலை தன் காலில் நிற்கும். வரைந்த கைகளின் பெயரைக்கூட நாம் காப்பாற்றி வைக்கவில்லை, மன்னர் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்தாரையும் சொல்லாமல் விட்டால் இது நேர்மையாக இருக்காது. புராணக் குப்பை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டு, ஓவியத்தை ஏறிட்டும் பார்க்காமல் வெளியே வருகிற பகுத்தறிவாளர்கள் இருக்கிறார்கள். அர்த்தமண்டபத்தில் தசரதன் எதற்காக வேள்வி செய்கிறான், பாயசம் யாருக்குப் போகிறது என்று கதை தெரியாதவர், அதை வரைந்தவர் எந்த இடத்தில் என்ன செய்திருக்கிறார் என்று எப்படிச் சொல்வார்? நம்பாதவருக்குக் கதை தெரிந்திருக்க வேண்டிய கடமை கூடுதல். நம்புகிறவருக்காவது மரபு கைகொடுக்கும், நமக்குப் படிப்பைத் தவிர வேறு துணை இல்லை.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. தாளை எழுதிக் கொடுத்தது பெரியவர்கள். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்குத்தான் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கொடுத்தோம். அவள் நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள்.

அன்றைக்கு அங்கே முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அதில் ஒரு கிழவி, இடுப்பில் சுருக்குப் பை. இரண்டு கையையும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அம்மன் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, "ஏந் தாயி, அம்மன் செங்கோலக் குடுத்துச்சு, சரி. அத யாருகிட்ட இருந்து வாங்கிக் குடுத்துச்சு?" என்று கேட்டாள். கேலியே இல்லாத கேள்வி. அவளுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

அந்தப் பெண் தாளைப் பிரித்தாள். மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். மறுபடி மடித்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதுல இல்ல அப்பத்தா" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ராசாதான் அப்பிடி வரையச் சொல்லியிருப்பாரு" என்றாள்.

"அப்பிடிச் சொல்லு" என்றாள் கிழவி. அதில் அவளுக்கு ஏமாற்றம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மனுக்கு இன்னொரு முறை கும்பிடு போட்டுவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தாள். "அந்தா, குருதையில வாரவன் யாரு?"

"தஞ்சாவூர் ஆளுன்னு தாள்ல இருக்கு. ஆனா சுவத்துல எழுத்து மங்கிப் போயிருக்கு அப்பத்தா. வாங்க, கிட்டப் போயி வாசிச்சுப் பாப்போம்."